அகலக் கதவு எந்தப் பக்கம்

அலுவலகப் பதிவேட்டில் அவருக்கு ஒரு முழுப்பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். எல்லாருக்கும் அவர் டார்ச்சம்மா. பட்டப்பகலில், மண்டை காயும் வெயிலில், கைப்பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்து லாரிக்கு அடியில் அடித்துப் பார்க்கிற மனுஷிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பையில் டார்ச்சோடு ஒரு காந்தமும், குச்சியில் கட்டிய வட்டக் கண்ணாடியும், அளவு நாடாவும் இருக்கும். சீப்பும் பவுடரும் இருக்காது.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலைதான். சந்தேகப்படுவதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு வருஷம் முன்னாடியே சேர்ந்திருப்பார். ஒருமுறை ஒரு லாரிக்காரர், வண்டி மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் லாரியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். டார்ச்சம்மா இரண்டு பஸ் மாறி அந்த மரத்தைப் போய்ப் பார்த்தார். மரத்தில் ஒரு கீறல் இல்லை. லாரிக்காரர் அதற்கப்புறம் அந்த அலுவலகம் இருக்கும் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தராசுத் தட்டைத் தூக்கிப் பார்க்காமல் காய்கறி வாங்க மாட்டார். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் "என்ன விஷயம்?" என்று கேட்டுவிடுவார். வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணத்தன்னிக்கு என் வாட்சையும் செவுத்துக் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தா. 'ரெண்டு நிமிஷம் ஸ்லோ'ன்னு சொன்னதுதான் என்கிட்ட அவ பேசின முதல் பேச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டார்ச்சம்மா சிரிக்க மாட்டார். வாட்ச் ஸ்லோவாகத்தான் இருந்தது.

இந்தக் குணம்தான் அவரைப் பழைய லாரிகளிடம் கொண்டுபோய் விட்டது. அந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலையிலிருந்து வருவது என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் அவ்வளவுதான். அதன்மேல் மரத்திலும் தகரத்திலும் பாடி கட்டிக் கொடுத்தவை ஊருக்கு நாலு என்று முளைத்த சின்ன ஷெட்டுகள். ஐந்தாறு பேர், ஒரு பட்டறை, ஒரு தகரக் கூரை. அவர்கள் கணக்கும் வைக்கவில்லை, படமும் வைக்கவில்லை. பாதிப் பேர் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. அறுபது வருஷம் கழித்துத் துருப்பிடித்த லாரி ஒன்றைக் காட்டி "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டால், சொல்பவரின் சௌகரியத்துக்குத் தகுந்தபடி பதில் வரும். தெரியாத விஷயத்தில் ஆளாளுக்குக் கதை விடுவதை டார்ச்சம்மாவால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அவர் ஆட்களை விட்டுவிட்டு ஆணிகளை விசாரித்தார். ஒரு ஷெட்டில் தகரத்தின் மூலையைத் தண்ணீர்க் குழாய்மேல் வைத்து வளைத்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய எந்த வண்டியின் மூலையும் அதே வளைவு. இன்னொரு ஷெட்டில் திருகாணி முறுக்கியவர் ஒவ்வோர் ஆணியின் பிளவையும் நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறார், ஆயிரம் ஆணியிலும். இன்னொருவர் ரிவெட்டை இரண்டிரண்டாக அடித்திருக்கிறார். இதெல்லாம் யாரும் வேண்டுமென்று போட்ட முத்திரை இல்லை. வாய் பொய் சொல்லும், கைப்பழக்கம் சொல்லாது என்பது டார்ச்சம்மாவின் கட்சி.

லீவு நாளெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் கழிந்தது. வீட்டு அலமாரியில் புடவைக்கு ஒரு தட்டு, குறிப்பு அட்டைகளுக்கு மூன்று தட்டு என்று ஆயிற்று. பதினாலு வருஷ உழைப்புக்குப் பிறகு, தொண்ணூற்றொரு ஷெட்டுகளின் அடையாளங்களை மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்தார். "நான் கண்ணால் பார்க்காத எதுவும் இதில் இல்லை" என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அரசாங்கத்தின் வாகனக் காட்சிக்கூடம், அவர் சொல்லாமல் ஒரு பழைய லாரியையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவெடுத்தது.

அந்தக் காட்சிக்கூடத்து அதிகாரிதான் ஒருநாள் போனில் கூப்பிட்டார். ஒரு பெட்டி லாரி கிடைத்திருக்கிறது, பாலத்தடி ஷெட் கட்டியது என்கிறார்கள், இனாமாகவே கொடுக்கத் தயாராம், நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

டார்ச்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலத்தடி ஷெட்டின் வண்டி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அவரிடம் இருந்ததே ஒரே ஒரு படம். மூடப்போகிற போட்டோ ஸ்டூடியோவில் ஒரு பெட்டி நிறைய பழைய நெகட்டிவ்களை வாங்கி வந்தபோது, ஒரு உறையில் "பாலத்தடி ஷெட், புது வண்டி" என்று எழுதியிருந்தது. பெயின்டும் நம்பரும் காணாத புத்தம் புது லாரியின் பின்பக்கம். இரண்டு கதவில் ஒன்று அகலம், மற்றது குறுகல். சாமான் தூக்குகிறவர் ஒரு கதவைத் திறந்தாலே போதும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். வேறெந்த ஷெட்டிலும் இல்லாத ஏற்பாடு. புத்தகத்தில் அவர் எழுதியது இது: பின்னால் நின்று பார்த்தால் இடது கதவு அகலம், மூன்று கீல், வலது கதவு குறுகல், இரண்டு கீல்.

"இனாமாவா?" என்றார் போனில்.

"ஆமா மேடம். ஒரு ரூபாய் வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அப்போ நல்லாவே பார்க்கணும்."

கொடுப்பவர் ஒரு தையல்காரம்மா. ஐம்பதை ஒட்டிய வயசு, கழுத்தில் அளவு நாடா, புடவைத் தலைப்பில் வரிசையாகக் குண்டூசி. கடை முன்னறையில் மூன்று தையல் மெஷின்கள், ஹேங்கரில் சட்டைகள் தொங்கும் ஒரு கம்பி. பின்பக்கம் சிமென்ட் முற்றம். அதில் தார்ப்பாய் போர்த்திய லாரி. பக்கத்தில் தையல்காரம்மாவின் தம்பி நின்றுகொண்டிருந்தார். நாற்காலி மேசை செய்கிற மரவேலைக்காரர்.

தம்பி மூன்று நிமிஷத்தில் மூன்று தடவை "உட்காருங்க மேடம்" என்றார். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து லாரியின் முன்பக்கமாகப் போட்டார். பின்கதவைப் பார்க்க வந்தவளை எதற்கு முன்பக்கம் உட்கார வைக்கிறான் என்று டார்ச்சம்மா மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"வண்டி எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"எங்கப்பா அந்த ஷெட்டுல கதவு செஞ்சவர்ங்க" என்றார் தையல்காரம்மா. "ஒரு சோப்புக் கம்பெனிக்குன்னு கட்டின வண்டி. கம்பெனியை மூடினப்போ ஓடாத வண்டியை யாரும் சீந்தல. அப்பா ரெண்டு ஆளை வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்துட்டார். அவர் போயும் பத்து வருஷம் ஆச்சு. இப்போ இடத்துக்காரர் மாசக் கடைசிக்குள்ள முற்றத்தைக் காலி பண்ணச் சொல்றார். இரும்புக்கடைக்காரன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான். அதுக்குள்ள நீங்க எடுத்துக்கிட்டா..."

"சும்மாவே கொடுக்கறீங்களே, ஏன்?"

தையல்காரம்மா தம்பியைப் பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே சொன்னார். "அங்க வண்டி பக்கத்துல ஒரு பலகை வெச்சு, செஞ்சவங்க பேரெல்லாம் போடுவாங்களாமே. லாரியில முதலாளி பேர் இருக்கும், டிரைவர்கூட பேர் எழுதிக்குவான். கதவு செஞ்சவர் பேரை எங்க எழுதறாங்க? ஒரு இடத்துலயாவது எங்கப்பா பேர் இருக்கட்டும்னு ஆசை. அவ்வளவுதான்."

நல்ல பதில்தான். நல்ல பதில்களைக் கேட்டால் டார்ச்சம்மாவுக்கு உடனே காது கூர்மையாகிவிடும். அவர் தார்ப்பாயை விலக்கச் சொன்னார்.

முதல் பார்வைக்கே மனசு துள்ளியது. அந்தத் துள்ளலையும் சேர்த்தே சந்தேகப்பட்டார். ரிவெட்டுகள் படத்தில் இருக்கிற மாதிரியே. பக்கவாட்டில் ஓடும் மரப்பட்டையின் மூன்று வரிகளும் அப்படியே. பின்னால் போனார். இடது கதவு அகலம், மூன்று கீல். வலது கதவு குறுகல், இரண்டு கீல். புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கி எதிரில் நிறுத்தியது போல இருந்தது.

"ரொம்பச் சரியா இருக்கே" என்றார்.

அவர் வாயிலிருந்து அது வந்தால் பாராட்டு இல்லை என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். தையல்காரம்மாவுக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்தது. தம்பியின் முகம் மலரவில்லை.

டார்ச் வெளியே வந்தது. வெளிச்சத்தைப் பலகையோடு சாய்த்து அடித்தால் தடவிய பட்டி தெரிந்துவிடும். வலது நிலைக்கட்டையில், இப்போது கீல் எதுவும் இல்லாத இடத்தில், நான்கு சின்ன வட்டங்கள் தெரிந்தன. பழைய ஆணி ஓட்டைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். கதவுகளின் தலைப்பக்கம் கூரையோடு சேர்ந்து வளைந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் அந்த வளைவை யாரோ அறுத்தெடுத்துவிட்டு வேறு கட்டையை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய கோட்டில் பசை இன்னும் மஞ்சளாகவே இருந்தது. கீலின் திருகாணியில் நகத்தை வைத்துச் சுரண்டினார். உள்ளே பளபளவென்று புது உலோகம்.

"இந்தக் கதவை எப்போ கழட்டினீங்க?"

"கழட்டவே இல்லையே" என்றார் தம்பி.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று தையல்காரம்மா பக்கம் திரும்பினார் டார்ச்சம்மா.

தையல்காரம்மா தலைப்பில் இருந்த குண்டூசி ஒன்றைப் பிடுங்கி மறுபடி குத்தினார்.

டார்ச்சம்மா டார்ச்சை அணைத்தார். அவருக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. வேறு ஏதோ ஷெட்டில் கட்டிய லாரி. அதை வைத்துக்கொண்டு, மஞ்சள் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, படத்தில் உள்ளபடி கதவைப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். தம்பிக்கு மரவேலை தெரியும். அப்பா கதையெல்லாம் மேல்பூச்சு. தன் புத்தகமே திருடனுக்கு ஏணியாகிவிட்டது.

"இது பாலத்தடி ஷெட் வண்டி இல்லைன்னு எழுதப்போறேன். ஜோடிச்ச வண்டின்னு எழுதப்போறேன். உண்மையைச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

தம்பி தலையைச் சொறிந்தார். அப்புறம் மொத்தமாகக் கொட்டினார். "உங்க புத்தகத்தாலதாங்க. எங்க வண்டியில அகலக் கதவு வலது பக்கம்தான் இருந்துச்சு. நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் பார்த்திருக்கேன். காட்சிக்கூடத்துக்காரங்க உங்க புத்தகத்தைக் கொடுத்து, இதுல இருக்கற மாதிரி இருந்தாத்தான் எடுப்பாங்கன்னாங்க. திறந்து பார்த்தா இடதுன்னு போட்டிருக்கு."

"நடுவுல யாரோ கதவை மாத்தி மாட்டிட்டாங்கன்னு நெனச்சோம்" என்றார் தையல்காரம்மா. "சோப்புக் கம்பெனியில மாத்தியிருப்பாங்கன்னு. அச்சுல வந்தது தப்பா இருக்காதில்லையா? அப்பா செஞ்சபடியே திருப்பிவைக்கறோம்னு நெனச்சுத்தான் செஞ்சோம். ஏமாத்தணும்னு இல்லைங்க."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"உங்களை யாரும் நம்ப வெக்க முடியாதுன்னு கேள்விப்பட்டோம். அதான் பயந்துபோய்க் கழட்டலைன்னு சொல்லிட்டான்" என்றார் தையல்காரம்மா.

இது டார்ச்சம்மாவுக்கு நறுக்கென்று பட்டது. ஆனால் அதற்கெல்லாம் இளகுகிற ஆள் இல்லை அவர். பையிலிருந்து பெரிதாக்கிய படத்தை எடுத்துத் துணி வெட்டும் மேசைமேல் போட்டார். "நீங்களே பாருங்க. வண்டி ஷெட்டை விட்டு வெளிய வந்த அன்னிக்கே எடுத்த படம். அகலக் கதவு எந்தப் பக்கம் இருக்கு?"

தையல்காரம்மா குனிந்தார். கதவைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் மூன்று ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களில் நடுவில் இருந்தவர்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கப்பா."

தம்பி ஓடிவந்து பார்த்தார். அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று டார்ச்சம்மா ஜாக்கிரதையாக நின்றார்.

தையல்காரம்மாவின் விரல் அப்பாவின் முகத்திலிருந்து சட்டைக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது.

"இந்தப் படம் சரியில்லைங்க."

"எது சரியில்ல?"

"சட்டை. பை போட்டிருக்கறவருக்கு வலது பக்கம் இருக்கு."

"அந்தக் காலத்துல எப்படி எப்படியோ தெச்சிருப்பாங்க."

"எந்தக் காலத்துலயும் ஆம்பளைச் சட்டையில பை இடது பக்கம்தாங்க. காஜாவும் இடது பக்கம், பட்டன் வலது பக்கம். இதுல எல்லாம் மாறியிருக்கு. எங்கப்பா சட்டை மட்டும்னா எங்கம்மா கை தவறித் தெச்சிட்டாங்கன்னு வெச்சுக்கலாம். இதோ இவர் சட்டையும் அப்படித்தான். அவர் சட்டையும் அப்படித்தான். மூணு வீட்டுல மூணு பேரும் ஒண்ணா தப்பு பண்ணுவாங்களா?"

கம்பியில் தொங்கிய ஒரு சட்டையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் விரித்துவைத்தார். டார்ச்சம்மா சட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பகலில்தான், ஜன்னல் ஓரமாகத்தான் நின்றிருந்தார். ஆனாலும் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். மூன்று பைகளும் வலது பக்கம்.

படம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. அவருக்குக் காது இரண்டும் சூடாயிற்று. அந்தப் படத்தில் உள்ள ரிவெட்டுகளை அவர் எண்ணியிருக்கிறார், நூற்றுப் பன்னிரண்டு. கீல்களின் இடைவெளியை முடியளவு தவறாமல் கணக்கிட்டிருக்கிறார். அதற்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது அந்த மூன்று பேரின் உயரத்தை. ஆள் ஐந்தரை அடி இருப்பான் என்று எழுதிவைத்திருக்கிறார். படம் கைக்கு வந்த ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட அந்த ஆட்களை ஆட்களாகப் பார்க்கவில்லை.

"அந்த வளைவுக் கட்டை," என்றார் தம்பியிடம், "கதவுலேர்ந்து அறுத்தீங்களே, எங்க?"

"அடுப்புக்குப் போயிடுச்சுங்க."

டார்ச்சம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தையல்காரம்மா வாசல்வரை வந்து, "என்னங்க எழுதப்போறீங்க?" என்று கேட்டார். "தெரியல" என்றார் டார்ச்சம்மா. அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தார். நெகட்டிவ் உறையிலேயே இருந்தது. பிலிமில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கத்தை எந்தப் புறம் வைப்பது என்பது போட்டோக்காரர் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம். டார்ச்சம்மா போட்டோக்காரர் இல்லை. வீட்டுக்காரர் வாங்கி வந்த ஸ்கேனரில், இன்னொருவரிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்ற சந்தேகத்தில், தானே வைத்து எடுத்திருந்தார். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் சரியான பக்கம் திருப்பிப் பிடித்தார். அகலக் கதவு வலது பக்கம் போயிற்று. பைகள் மூன்றும் அவரவர் இடது மார்புக்கு வந்தன.

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவருக்கே கேலி வரவில்லை. "சரி விடு. புத்தகத்துல திருத்திட்டாப் போச்சு."

டார்ச்சம்மா இன்னொரு அட்டையை உருவினார். மூன்று வருஷம் முன்பு வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு லாரியின் போட்டோவை அனுப்பி, இது பாலத்தடி ஷெட்டா என்று கேட்டிருந்தார். அகலக் கதவு வலது பக்கம் இருந்தது. டார்ச்சம்மா ஒரே வரியில் பதில் போட்டார்: "அல்ல. கதவைப் பார்க்கவும்." அந்த மனுஷரின் நம்பரைத் தேடி இப்போது கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசினார். நீங்கள் இல்லையென்று சொன்னபிறகு வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று அந்த மாசமே உடைக்கப் போட்டுவிட்டதாகச் சொன்னார். "உங்க பதில் கெடச்சது நல்லதாப் போச்சு மேடம். இல்லேன்னா வீணா வெச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

டார்ச்சம்மா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. பொய் சொன்னவர்களைப் பிடித்த நாட்களில் எல்லாம் அவர்கள் முகம் எப்படி ஆகும் என்று பார்த்திருக்கிறார். அந்த முகம் இப்போது தன்னுடையதாக இருக்கும் என்று தோன்றியது. எதிர்ச்சுவரில் கண்ணாடி இருந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அதிகாரியிடம் பேசினார். முழுசாகச் சொல்லவில்லை. கதவில் மாற்றம் செய்திருக்கிறார்கள், விதி என்ன என்று மட்டும் கேட்டார்.

"ரிப்பேர்னா பரவாயில்ல" என்றார் அதிகாரி. "ஆனா நம்மகிட்ட கொடுக்கறதுக்குன்னே ஓனர் மாத்தியிருந்தா எடுக்கவே முடியாது. யார் மாத்தினதுன்னு படிவத்துல எழுதணும் மேடம். அதை வெச்சுத்தான் முடிவு."

படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மேலே பாடி கட்டியவர் யார் என்று ஒரு கட்டம். பாலத்தடி ஷெட் என்று எழுதினார். கதவு வேலை என்ற இடத்தில் தையல்காரம்மாவின் அப்பா பெயரை, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து எழுதினார். அடுத்த கட்டம், பின்னாளில் மாற்றம் செய்தவர். பேனா அங்கே நின்றது.

உரிமையாளர் என்று எழுதினால் அது ஒரு வகையில் உண்மைதான். அறுத்தது தம்பியின் ரம்பம். லாரி மாசக் கடைசியில் இரும்புக்கடைக்குப் போகும், மஞ்சள் புத்தகத்துக்கு ஒரு சேதமும் வராது.

வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "'தெரியவில்லை'ன்னு போட்டுடேன். அந்தம்மாவுக்கும் வண்டி உள்ள போயிடும், உனக்கும் தலைவலி இல்ல. யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"நான் கேட்டிருப்பேன்."

"நீ கேப்பே. உன்னை மாதிரி இன்னொருத்தி பொறந்து வரணுமே."

டார்ச்சம்மா அந்தக் கட்டத்தை நிரப்பினார். தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி, நெகட்டிவின் சரியான பிரதியையும் தவறான பிரதியையும் சேர்த்துப் பின் குத்தினார். உடைந்துபோன வெளியூர் லாரியைப் பற்றியும் எழுதினார். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, தானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்துவிட்டு, பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்கிறவரை நின்றார்.

மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டார்.

"மேடம், படிவத்துல ஒரு சின்னத் தப்பு. மாற்றம் செய்தவர்ங்கற எடத்துல உங்க பேர் வந்திருக்கு. கையெழுத்து போடற எடம்னு நெனச்சிட்டீங்க போல."

"தப்பு இல்ல. கையெழுத்து கீழ இருக்கு."

"நீங்க அந்த வண்டியைத் தொட்டுக்கூட இருக்க மாட்டீங்களே."

"தொடல. ஆனா அறுக்கச் சொன்னது நான்தான். கூட ஒரு தாள் வெச்சிருக்கேன், அதைப் படிங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. டார்ச்சம்மா காத்திருந்தார். கடைசியில் அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அப்படின்னா ஓனர் மேல குத்தம் இல்ல. வண்டியை எடுத்துக்கலாம். பலகையில அவங்கப்பா பேரையும் போட்டுடலாம். நீங்களே அந்தம்மாவுக்குச் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"ஆனா மேடம்..." அதிகாரி இழுத்தார். மனுஷருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "இதுவரைக்கும் நீங்க கொடுத்த முப்பத்தெட்டு அறிக்கை இங்க இருக்கு. அதையெல்லாம் இப்போ நாங்க சந்தேகப்பட வேண்டி வருமே."

"படுங்க" என்றார் டார்ச்சம்மா. "நான் நேத்தே ஆரம்பிச்சுட்டேன்."